தூக்குமேடைச் செய்திகளை நாம் ஏன் படிக்க வேண்டும்?



ஒருவர் விடியற்காலையில் தூக்கிலிடப்பட்டார் என்ற செய்தி கைப்பேசிக்கு வந்து சேரும் நேரத்தில் நம்மில் பலர் பசியாறிக் கொண்டிருப்போம். செய்தியில் பெயர் இருக்கும், வயது இருக்கும், எத்தனை கிராம் என்று இருக்கும். அதற்குக் கீழே வரும் கருத்துகள் பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று, "ஐயோ பாவம்". இன்னொன்று, "செஞ்சதுக்கு அனுபவிக்கிறான், நமக்கென்ன?" அரை நிமிடத்தில் அடுத்த செய்திக்குப் போய்விடுவோம்.

மரண தண்டனை வேண்டுமா, வேண்டாமா என்று வாதாட நான் இங்கே வரவில்லை. வேண்டாம் என்பது என் கருத்து. உங்களில் பலருக்கு வேறு கருத்து இருக்கும், அதற்கு நியாயமான காரணங்களும் இருக்கும். வள்ளுவரே கொடியவரைத் தண்டிப்பதைப் பயிரின் நடுவே களை எடுப்பதோடு ஒப்பிட்டிருக்கிறார். நான் கேட்க நினைப்பது அதற்கு முந்திய ஒரு கேள்வி. தண்டிக்கப்பட்டவனின் கதையைச் செய்தியாளர் எழுதுவதும், அதை நாம் உட்கார்ந்து படிப்பதும் தர்மமா? அல்லது, அவனால் உயிரிழந்தவருக்குச் செய்யும் துரோகமா?

எங்கள் வட்டார இளைஞர் முகாமில், படிவம் ஐந்து மாணவி ஒருத்தி இதைக் கேட்டாள். அவளுடைய தாய்மாமா ஒரு கொள்ளையில் கொல்லப்பட்டவர். "அண்ணா, எங்க மாமா பேரு பேப்பர்ல ரெண்டே தடவைதான் வந்துச்சு. கொன்னவன் பேரு வழக்கு முடியுற வரைக்கும் வந்துக்கிட்டே இருந்துச்சு. அவன் சின்ன வயசுல எப்படிக் கஷ்டப்பட்டான்னு கூட எழுதினாங்க. எங்க மாமா எப்படிக் கஷ்டப்பட்டாருன்னு யாரு எழுதினா?"

கூடத்தில் ஒருவரும் பேசவில்லை. அவள் கேட்டதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. அந்தக் கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு இந்த விஷயத்தைப் பேசினால் அது நேர்மையாகாது. அதனால் அதையும் கூடவே வைத்துக்கொண்டு பேசுவோம்.

பறவைகளும் காவலர்களும்

நீதி தவறிய தண்டனை என்றதும் நமக்கெல்லாம் கோவலன்தான் ஞாபகத்துக்கு வருவான். மகாபாரதத்தின் ஆதிபருவத்தில் இன்னொரு கதை இருக்கிறது. நம் சமய வகுப்புகளில் அதை அவ்வளவாகச் சொல்வதில்லை.

மாண்டவ்யர் என்ற முனிவர் தம் ஆசிரம வாசலில், ஒரு மரத்தடியில், கைகளை உயர்த்தியபடி மௌன விரதத்தில் நின்றிருந்தார். காவலர்கள் துரத்திவந்த திருடர்கள் சிலர் கொள்ளைப் பொருளோடு அந்த ஆசிரமத்துக்குள் புகுந்து ஒளிந்துகொண்டார்கள். பின்னாலேயே வந்த காவலர்கள், திருடர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று முனிவரைக் கேட்டார்கள். விரதத்தில் இருந்தவர் வாய் திறக்கவில்லை. உள்ளே தேடியபோது திருடர்களும் அகப்பட்டார்கள், பொருளும் அகப்பட்டது. பேசாமல் நின்றவர் மேலும் சந்தேகம் விழுந்தது. அரசனிடம் கொண்டுபோனார்கள். அரசன் எல்லாருக்கும் ஒரே தீர்ப்பாகச் சொல்லிவிட்டான். முனிவரையும் கழுவில் ஏற்றினார்கள்.

அவர் சாகவில்லை. தவ வலிமையால் கழுவிலேயே உயிரோடு இருந்தார். இரவில் மற்ற முனிவர்கள் பறவை வடிவெடுத்து அங்கே வந்தார்கள். நீர் என்ன தவறு செய்தீர், உமக்கு ஏன் இந்த வேதனை என்று கேட்டார்கள். பல நாள் கழித்து, காவலுக்கு இருந்தவர்கள் அவர் இன்னும் உயிரோடு இருப்பதைக் கண்டு, அரசனிடம் போய் நடந்ததைச் சொன்னார்கள். அரசன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டு அவரை இறக்கினான். ஆனால் கழுவை உருவ முடியவில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருந்த பகுதியை மட்டும் வெட்டினார்கள். முனை உடம்புக்குள்ளேயே தங்கிவிட்டது. அதைச் சுமந்துகொண்டுதான் அவர் மிச்ச வாழ்நாளெல்லாம் நடமாடினார். ஆணி மாண்டவ்யர் என்று பெயர் வந்தது அதனால்தான்.

கதை இதோடு முடியவில்லை. அவர் தர்மதேவனின் சபைக்கே போய், நான் என்ன குற்றம் செய்தேன் என்று கேட்டார். சிறுவயதில் நீர் பூச்சிகளின் வாலில் புல்லைக் குத்தினீர், அதன் பலன் இது என்றான் தர்மன். இத்தனை சின்னத் தவறுக்கு இத்தனை பெரிய தண்டனையா என்று முனிவர் அவனையே சபித்தார். தர்மன் விதுரனாகப் பிறந்தது அந்தச் சாபத்தால்தான். 14 வயதுவரை ஒருவர் செய்வது பாவக் கணக்கில் சேராது என்ற வரம்பையும் முனிவர் அப்போதே வகுத்தார்.

இந்தக் கதையில் என் மனத்தில் நிற்பது பறவைகளும் காவலர்களும்தான். சபையில் யாரும் கேட்காத கேள்வியைப் பறவைகள் கழுவடிக்கு வந்து கேட்டன. காவலர்கள் தாங்கள் கண்டதை அரசனிடம் போய்ச் சொன்னார்கள். இந்த இரண்டும் நடந்திராவிட்டால், அரசன் தன் தவற்றை அறியாமலேயே செத்திருப்பான். தண்டனை நடக்கும் இடத்துக்குப் போய்க் கேட்பதும், கண்டதை அதிகாரம் உள்ளவரிடம் சொல்வதும் என்று பார்த்தால், நல்ல செய்தியாளரின் வேலை முழுவதும் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடுகிறது.

அன்று உத்தரவு போட்டவன் ஓர் அரசன். இன்று சட்டம் செய்பவர்களை அனுப்பிவைப்பது நாம். தூக்குக் கயிற்றுக்கான செலவும் நம் வரியிலிருந்துதான் போகிறது. அப்படியென்றால், காவலர்கள் ஓடிப்போய்ச் சேதி சொல்ல வேண்டிய அரசன் யார்? நாம்தான். சேதி வரும்போது அரசன் காதைப் பொத்திக்கொண்டால் எப்படி?

கண்ணாடித் தடுப்பின் இடைவெளியில்

நமக்குப் பக்கத்தில் நடந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். மலேசியரான நாகேந்திரன் தர்மலிங்கம் 2009-இல் சிங்கப்பூர் எல்லையில் கைதானார். அப்போது அவருக்கு 21 வயது. தொடையில் கட்டிக் கொண்டுபோன ஹெராயின் 42.72 கிராம். அங்கே 15 கிராமுக்கு மேல் போனாலே தூக்கு. அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று மதிப்பிடப்பட்டிருந்தது. தாம் செய்வது என்னவென்று அவருக்குத் தெரிந்தே இருந்தது என்று நீதிமன்றங்கள் முடிவு செய்தன. பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தூக்குக்குக் காத்திருந்த அவர், 2022 ஏப்ரல் 27-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார்.

அதற்கு முந்திய நாள் நீதிமன்றத்தில் கடைசி முயற்சி தோற்றது. அப்போது கண்ணாடித் தடுப்பில் இருந்த ஓர் இடைவெளி வழியாக அவரும் குடும்பத்தாரும் கையை நீட்டி, ஒருவர் கையை ஒருவர் இறுகப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவர் அம்மாவைக் கூப்பிட்ட குரல் நீதிமன்றம் முழுவதும் கேட்டது. நமக்கு இது எப்படித் தெரியும்? அந்த அறையில் ஒரு செய்தியாளர் உட்கார்ந்திருந்தார். பார்த்ததை எழுதினார். அவர் நீதிபதியைத் திட்டவில்லை, நாகேந்திரன் நல்லவர் என்று சான்றிதழும் தரவில்லை. கையைப் பிடித்துக்கொண்டார்கள் என்று மட்டும் சொன்னார்.

சிங்கப்பூர் அரசின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். போதைப்பொருளால் அழியும் குடும்பங்களை யார் எண்ணுகிறார்கள், கடுமையான தண்டனை இருப்பதால்தான் கடத்தல்காரர்கள் பயப்படுகிறார்கள் என்பது அவர்கள் வாதம். நம் தாமான்களில் பையன்கள் போதையால் சீரழிவதைப் பார்த்த எவருக்கும் அந்த வாதத்தைச் சட்டென்று தள்ளிவிட மனம் வராது. 2013 முதல் அங்கே சட்டத்தில் ஒரு சிறு கதவும் திறந்திருக்கிறது. வெறும் பொருள் சுமந்து போனவர் என்று நிரூபித்து, அதிகாரிகளுக்குக் கணிசமாக உதவியதற்குச் சான்றும் பெற்றால், நீதிபதி ஆயுள் சிறை கொடுக்கலாம். இதையெல்லாம் எழுதுவதும் செய்தியாளரின் கடமையே.

ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் நடப்பதை எழுதுவதற்கு ஒரு விலை உண்டு. சிங்கப்பூரின் தூக்குத் தண்டனையைப் பற்றி 2010-இல் புத்தகம் வெளியிட்ட பிரிட்டிஷ் எழுத்தாளர் ஆலன் ஷாட்ரேக், நீதிமன்றத்தை அவமதித்தார் என்று 6 வாரச் சிறையும் 20,000 சிங்கப்பூர் வெள்ளி அபராதமும் பெற்றார். அவர் எழுதியது எல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. அந்த மதிலைத் தாண்டி எழுதுவது விளையாட்டு இல்லை என்று சொல்ல வருகிறேன்.

செத்தவரை விட்டுவிட்டு எழுதினால்

தூக்கைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்டவற்றுள் பெயர்பெற்ற ஒரு சிறு கட்டுரை உண்டு. பர்மாவில் காலனிப் போலீஸ் அதிகாரியாக இருந்த ஜார்ஜ் ஆர்வெல் 1931-இல் வெளியிட்டது. தூக்குக்குப் போகிறவன் ஓர் இந்து. கழுத்தில் கயிறு விழுந்த பிறகு இராம நாமத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அங்கிருக்கும் தலைமைச் சிறைக் காவலரைத் திராவிடர் என்று ஆர்வெல் குறிப்பிடுகிறார். ஆக, தூக்கில் தொங்கியவனும் நம்மவன், தூக்குக்கு ஏற்பாடு செய்தவரும் நம்மவர். தூக்குமேடைக்கு நடக்கும் வழியில் அந்த மனிதன் சேற்றுத் தண்ணீரை மிதிக்காமல் கொஞ்சம் விலகி நடக்கிறான். இன்னும் சில நிமிடத்தில் சாகப்போகிறவன் காலை நனைக்காமல் பார்த்துக்கொள்கிறான்! அதைப் பார்த்த நொடியில்தான், ஓர் உயிரை எடுப்பது என்றால் என்னவென்று எழுத்தாளருக்கு உறைக்கிறது.

படிப்பவர் மனத்தை உலுக்கும் எழுத்துதான். ஆனால் அந்த மாணவியின் கேள்வியோடு அதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அந்த மனிதன் என்ன குற்றம் செய்தான், யாருக்குச் செய்தான் என்று கட்டுரையில் எங்குமே இல்லை. பாதிக்கப்பட்டவர் அந்தப் பக்கங்களுக்குள் வரவே இல்லை. வந்திருந்தால் நம் இரக்கம் இவ்வளவு சுலபமாகப் பொங்கியிருக்குமா?

இலக்கியத்துக்கு அந்தச் சுதந்திரம் இருக்கலாம். செய்திக்கு இல்லை. பாதிக்கப்பட்டவரை மறைத்துவிட்டு நம்மிடம் வாங்கும் இரக்கம் கடனாக வாங்கியது மாதிரி. உண்மை தெரிந்த அன்றைக்கு வட்டியோடு கோபமாகத் திரும்பிவரும்.

அதனால் நிரபராதிகளை விட்டுவிட்டு, நிஜமாகவே கொன்றவனைப் பற்றிக் கேட்போம். அவன் கதையைக் கேட்கலாமா?

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் வில்பர்ட் ரிடோ என்பவர் 1961-இல், தம் 19-ஆவது வயதில், ஒரு வங்கியைக் கொள்ளையடித்து, அங்கே வேலை செய்த ஒரு பெண்ணைக் கொன்றார். கொன்றதை அவர் மறுக்கவில்லை. மரண தண்டனை விழுந்தது, பிறகு ஆயுள் சிறையாக மாறியது. சிறைக்குள் அவர் ஒரு பத்திரிகையாசிரியர் ஆனார். அங்கோலா சிறையில் கைதிகளே நடத்திய 'தி அங்கோலைட்' இதழுக்கு, தணிக்கையில்லாமல் எழுதலாம் என்ற அனுமதி கிடைத்தது. சிறைக்குள் பலவீனமானவர்கள் மேல் நடக்கும் பாலியல் கொடுமைகளை அவர் எழுதி வெளிக்கொண்டு வந்தார். அமெரிக்காவின் பெரிய பத்திரிகை விருதுகளில் ஒன்று அதற்குக் கிடைத்தது. ஏறக்குறைய 44 ஆண்டுகள் உள்ளே இருந்து 2005-இல் வெளியே வந்தார். கொல்லப்பட்ட பெண்ணின் குடும்பத்தார் அவர் விடுதலையைக் கடைசிவரை எதிர்த்தார்கள்.

எதிர்த்ததில் அவர்கள் செய்தது தவறா? இல்லை. சிறைக்குள் நடந்த கொடுமையை ரிடோ எழுதியது தவறா? அதுவும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதைத்தான் நம் மனம் ஏற்க மறுக்கிறது. ஒருவன் பக்கத்தைக் கேட்டாலே அவனை மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். அறிவது வேறு, மன்னிப்பது வேறு. மன்னிக்கும் உரிமை இழந்தவருக்கு மட்டுமே உண்டு. பத்திரிகைக்கும் கிடையாது, நமக்கும் கிடையாது. ஆனால் நம் பெயரால் நடக்கும் தண்டனையை அறியும் கடமை நம் எல்லாருக்கும் உண்டு.

நம் சாஸ்திரங்களே இந்த விவாதத்தை ஒளித்துவைக்கவில்லை. சாந்திபருவத்தில் பீஷ்மர் தருமருக்கு ஒரு பழைய உரையாடலைச் சொல்கிறார். மன்னன் துயுமத்சேனன் உத்தரவின்படி சிலரைக் கொல்லக் கொண்டுபோகிறார்கள். மகன் சத்தியவான் தடுக்கிறான். அவன் சொல்லும் காரணம் இது: ஒருவனைக் கொல்லும்போது அவனை நம்பியிருக்கும் மனைவி, தாய், தகப்பன், பிள்ளைகள் எல்லாரையும் சேர்த்துக் கொல்கிறோம். கெட்டவனும் நல்லவரைப் பார்த்துத் திருந்துவதுண்டு. அப்பா விட்டுக்கொடுக்கவில்லை. ஒருகாலத்தில் கண்டிப்பான ஒரு சொல்லே போதுமாக இருந்தது, இந்தக் காலத்துக்கு அது போதாது, தண்டிக்காவிட்டால் நாடு நிற்காது என்று பதில் சொல்கிறான். இரண்டு பக்கமும் முழுசாகப் பதிவாகியிருக்கிறது. அப்பாவையும் மகனையும் பேசவிட்டுக் கேட்ட மரபு நம்முடையது.

"அவன் கர்மா, அவன் அனுபவிக்கிறான்" என்று சொல்லி விலகுவதற்கும் நம் மதத்தில் இடமில்லை. அவன் செய்தது அவன் கர்மா, சரி. ஒருவனைக் கழுவில் ஏற்றுவது நம் செயல். அதன் கணக்கு யார் ஏட்டில் ஏறும்?

எழுதுகிறவன் கையிலும் கத்தி இருக்கிறது

இவ்வளவு சொன்னதால் செய்தியாளர்கள் எல்லாம் தர்மத்தின் காவலர்கள் என்று ஆகிவிடாது. ஒரு சம்பவம் சொல்கிறேன்.

சிகாகோவில் 1982-இல் இரண்டு இளையர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தோணி போர்ட்டர் என்பவருக்கு மரண தண்டனை. 1998-இல் தண்டனை நாளுக்கு இரண்டே நாள் இருக்கும்போது நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. பிறகு ஒரு பல்கலைக்கழகத்தின் இதழியல் மாணவர்கள் பேராசிரியரோடு சேர்ந்து வழக்கைத் தோண்டினார்கள். அவர்களோடு வேலை செய்த தனியார் துப்பறிவாளர் ஒருவர், அல்ஸ்டோரி சைமன் என்ற இன்னொருவரிடம் கொலையை ஒப்புக்கொள்ளும் வாக்குமூலத்தைக் காணொளியில் வாங்கினார். 1999-இல் போர்ட்டர் விடுதலையானார். உலகமே கைதட்டியது. அடுத்த ஆண்டு இல்லினாய் மாநில ஆளுநர் மரண தண்டனையை நிறுத்திவைத்தார். 2011-இல் அந்த மாநிலம் அதை ஒழித்தே விட்டது.

ஆனால் சைமன்? 37 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்று உள்ளே போனார். 2014-இல், அந்த வாக்குமூலம் வாங்கப்பட்ட விதமே நியாயமற்றது என்று சொல்லி, அரசுத் தரப்பே அவர் வழக்கைக் கைவிட்டது. ஏறக்குறைய 15 ஆண்டுகள் போன பிறகு அவர் வெளியே வந்தார்.

ஒருவரைக் கழுவிலிருந்து இறக்கும் ஆவேசத்தில் இன்னொருவரை ஏற்றிவிட முடியும். நல்ல நோக்கம் இருந்தால் மட்டும் போதாது. சந்தேகத்தை எதிர்த்தரப்பு மேல் மட்டும் வைக்காமல் தன் கதை மேலும் வைக்கத் தெரிந்தவரே இந்தத் துறைக்கு வேண்டும். நம் இளைஞர்களில் யாராவது இதழியல் படிக்கப் போகிறார்கள் என்றால், இந்த வழக்கை அவர்கள் முதல் பருவத்திலேயே படிக்க வேண்டும் என்பேன்.

நாள் குறிக்காத தண்டனை

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 2018-ஆம் ஆண்டிலிருந்து மலேசியாவில் தூக்கு நிறைவேற்றுவது நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனை இல்லை. மரண தண்டனை சட்டத்தில் இன்னமும் இருக்கிறது, ஆனால் கொடுப்பதா வேண்டாமா என்று நீதிபதி தீர்மானிக்கலாம். மாற்றாக 30 முதல் 40 ஆண்டுச் சிறையும் பிரம்படியும் உண்டு. சாகும்வரை சிறை என்பதும் நீக்கப்பட்டது. ஏற்கெனவே தண்டனை பெற்றிருந்த சுமார் ஆயிரம் பேர் கூட்டரசு நீதிமன்றத்தில் மறுஆய்வு கேட்க இன்னொரு சட்டம் வழிசெய்தது. பலருடைய மரண தண்டனை சிறைத் தண்டனையாக மாறியது.

அந்த நாள்களில் செய்திகளின் தலைப்பு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்: தூக்கிலிருந்து தப்பினார். அதோடு செய்தி முடிந்துவிடும். ஆனால் அந்த மனிதருக்கு அன்றுதான் 30 ஆண்டு என்ற கணக்கு கையில் கொடுக்கப்படுகிறது.

தூக்குக்கு ஒரு தேதி உண்டு. தேதி இருந்தால் செய்தி உண்டு. நீண்ட சிறைக்குத் தேதி கிடையாது. பதினேழாவது ஆண்டின் ஒரு செவ்வாய்க்கிழமையில் என்ன செய்தி இருக்கும்? ஒன்றும் நடக்காததுதான் அந்தத் தண்டனையே. உள்ளே ஒருவருடைய பல் விழுகிறது, தலை நரைக்கிறது. வெளியே அம்மாவுக்கு முட்டி தேய்ந்து, பேருந்து ஏறிப் பார்க்கப் போவது மாதம் ஒருமுறை என்பதிலிருந்து வருடம் ஒருமுறை ஆகிறது. பிறகு நின்றுபோகிறது. இதை எந்த நிருபர் எந்தத் தலைப்பில் எழுதுவார்?

ஜப்பானின் இவாவோ ஹக்காமாடாவை நினைத்துப் பாருங்கள். முன்னாள் குத்துச்சண்டை வீரர். 1966-இல் தம் முதலாளி குடும்பத்தில் நால்வரைக் கொன்றதாகக் கைதாகி, 1968-இல் மரண தண்டனை பெற்றார். அந்த நாட்டில் தூக்கு நாளைக் கைதிக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை, அன்று காலையில்தான் சொல்வார்கள். ஆக ஒவ்வொரு காலையும் கடைசிக் காலையாக இருக்கலாம். இப்படி எத்தனை காலை! தீர்ப்பு எழுதிய மூன்று நீதிபதிகளில் ஒருவரே 2007-இல் வெளிப்படையாகப் பேசினார், அவர் நிரபராதி என்றே தாம் நம்பியதாகச் சொன்னார். 2014-இல் ஹக்காமாடா வெளியே விடப்பட்டார். 2024 செப்டம்பரில், தம் 88-ஆவது வயதில், குற்றமற்றவர் என்று தீர்ப்பானது. அத்தனை ஆண்டுகளும் அவருக்காகப் போராடியவர் அவருடைய அக்கா. வெளியே வந்தபோது அவர் மனம் ஏற்கெனவே சிதைந்திருந்தது. கழுவை வெட்டி எடுத்துவிட்டார்கள். முனை உள்ளேயே இருக்கிறது.

குற்றம் செய்தவருக்கும் இது பொருந்தும். முப்பது ஆண்டு கழித்து நம் தாமானுக்கு ஒருவர் திரும்பி வருகிறார் என்று வையுங்கள். சட்டத்தின் கணக்கு தீர்ந்துவிட்டது. நம் கணக்கு தீருமா? கோயிலில் அன்னதான வரிசையில் அவர் பக்கத்தில் நாம் உட்காருவோமா? அவர் அம்மாவிடம் இந்த முப்பது ஆண்டும் யார் பேசினோம்? மகன் உள்ளே போனதும் திருவிழாவுக்கு வருவதையே நிறுத்திக்கொண்ட ஒரு தாயை எனக்குத் தெரியும். யாரும் அவரை வராதே என்று சொல்லவில்லை. அவர் உட்கார்ந்தால் பக்கத்துப் பாய் காலியாகும், அவ்வளவுதான். அந்தத் தாயைப் பற்றி ஒரு வரி எழுதப்பட்டதில்லை. அந்த மாணவியின் மாமாவைப் பற்றியும் எழுதப்படவில்லை. கவனித்துப் பாருங்கள், செய்தி கைவிட்ட இருவரும் ஒரே பக்கத்தில்தான் நிற்கிறார்கள். இருவருடைய வலிக்கும் தேதி கிடையாது.

அதனால்தான் அவள் கேள்விக்கு என் பதில் இது: கொன்றவனைப் பற்றி எழுதுவதைக் குறைப்பது தீர்வாகாது. உன் மாமாவைப் பற்றியும் எழுத வேண்டும். அவர் எத்தனை மணிக்குக் கடையைத் திறப்பார், எந்தப் பாட்டை முணுமுணுப்பார், அவர் இல்லாமல் வந்த முதல் தீபாவளி எப்படி இருந்தது என்று எழுத வேண்டும். வழக்கு முடிந்த பிறகும், ஐந்தாம் ஆண்டும் பத்தாம் ஆண்டும், யாராவது வந்து கதவைத் தட்டிக் கேட்க வேண்டும். கழுவடிக்குப் போகும் பறவைகள் உன் வீட்டு வாசலுக்கும் வர வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

நாம் எல்லாரும் நிருபர்கள் இல்லை. ஆனால் புலனக் குழுவில் ஒரு செய்தியைத் தள்ளிவிடும் ஒவ்வொருவரும் அந்த வேலையில் ஒரு துண்டைச் செய்கிறோம். எனக்கு நானே வைத்துக்கொண்ட சில வழக்கங்களைச் சொல்கிறேன், பிடித்திருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

தூக்குச் செய்தி வந்தால் தலைப்போடு நிற்காமல் முழுவதும் படிப்பேன். பாதிக்கப்பட்டவர் யார், அவர் வீட்டில் இன்று யார் இருக்கிறார்கள் என்று அதில் தேடுவேன். இல்லையென்றால் அந்தச் செய்தி பாதிதான் என்று எடுத்துக்கொள்வேன். தண்டனை பெற்றவரின் படத்துக்குக் கீழே கேலி எழுத மாட்டேன். அந்தப் படத்தை அவர் தங்கையும் பார்ப்பாள். கண்ணீர் வரவழைக்கும் காணொளியைச் சரிபார்க்காமல் அடுத்தவருக்கு அனுப்பவும் மாட்டேன், சிகாகோவை நினைத்துக்கொள்வேன்.

சேர்ந்து செய்யக் கூடியதும் உண்டு. நம் இளைஞர் அமைப்புகளில் சில, தீபாவளிக்குச் சிறைச்சாலைகளுக்குப் போய் வருகின்றன. நல்ல காரியம். போகும்போது பலகாரத்தோடு இரண்டு காதுகளையும் கொண்டுபோவோம். அதே வாரத்தில், நம் வட்டாரத்தில் கொலையில் ஒருவரை இழந்த வீடு இருந்தால் அங்கேயும் போவோம். உபதேசம் வேண்டாம். கர்மா, விதி என்று விளக்கமும் வேண்டாம். எப்படி இருக்கீங்க என்று கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தால் போதும்.

மரண தண்டனையைப் பற்றி நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும் சரி. வேண்டும் என்கிறவர், அது எப்படி நடக்கிறது என்று முழுசாகப் பார்த்துவிட்டு வேண்டும் என்று சொல்லட்டும். வேண்டாம் என்கிறவர், செத்தவர் வீட்டு வாசலில் ஒருமுறை நின்றுவிட்டு வேண்டாம் என்று சொல்லட்டும். அதற்குப் பிறகும் நாம் கருத்து வேறுபடலாம். துயுமத்சேனனும் சத்தியவானும் வேறுபட்டார்கள். ஆனால் இருவரும், கொல்லக் கொண்டுபோகிறவர்களைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டுதான் பேசினார்கள்.